ஆன் செய்ததும் அணையும் கம்ப்யூட்டர்

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைகிறதா? எவ்வளவு நேரம் ஓடி அணைகிறது என்று கவனியுங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் நாலைந்து விநாடியில் அணைந்தால், பவர் பட்டன் உள்ளே சிக்கியிருக்கலாம். பட்டனைச் சுமார் 4 விநாடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணையும். சிக்கிய பட்டனும் அதைத்தான் செய்கிறது.

சில நிமிடங்கள் ஓடி அணைந்தால் சூடுதான் காரணமாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். பிராசஸர் மேலுள்ள ஹீட் சிங்கில் தூசி அடைத்திருந்தால், ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். பல வருடப் பழைய கம்ப்யூட்டரில் பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

கேம், வீடியோ எடிட்டிங் என்று வேலை கூடும்போது மட்டும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) மீது சந்தேகம் வரலாம். அதற்கு முன் யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்து, நேரே சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பேட்டரி செத்த யு.பி.எஸ்.ஸால் வீண்பழி சுமக்கும் கம்ப்யூட்டர்கள் ஏராளம்! ரேமைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதும் நல்லது.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அது பழுதென்றால் புதிது வாங்கி மாட்டுவதே சரி.