பனிக்காலப் பேருந்து விபத்துகளும் மூன்றாம் வேற்றுமையும்

முன்னுரை

கார்த்திகை பிறந்து தை முடியும் வரையில் நாளிதழைப் புரட்டுவோர் கண்ணில் ஒரு தலைப்பு அடிக்கடி படும். "பனிமூட்டத்தால் விபத்து, கட்டுப்பாட்டை இழந்த பேருந்து கவிழ்ந்தது" என்பதே அது. இத்தொடரைப் பகுத்துப் பார்க்கும் இலக்கண மாணவனுக்கு இரண்டு ஐயங்கள் எழும். கட்டுப்பாட்டை இழந்தது பேருந்தா? ‘பனிமூட்டத்தால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ உருபு எப்பொருளில் வந்தது?

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனும் பொருள்கள் உண்டென்பதை நன்னூல் கற்றோர் அறிவர். கருத்தாவும் இருவகைப்படும். கொத்தனாரால் கட்டப்பட்ட மாளிகை என்னுமிடத்துக் கொத்தனார் இயற்றுதற் கருத்தா. நவாபால் கட்டப்பட்ட மாளிகை என்னுமிடத்து நவாப் ஏவுதற் கருத்தா. இப்பகுப்பைக் கொண்டு நம் வட்டாரச் சாலையில் நிகழும் சாவுகளின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனி: உடனிகழ்ச்சி

ஏலகிரி, சவ்வாது மலைகளை அருகே கொண்ட பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர் என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையும் இவ்வழியே செல்கின்றது. முன்பு 46 என்ற எண்ணால் அறியப்பட்ட இப்பகுதிச் சாலை இன்று 48 என வழங்கப்படுகின்றது. மேகமற்ற இரவில் நிலம் விரைந்து குளிர்வதால், அதனையொட்டிய ஈரக்காற்று நுண்துளிகளாகி மூடுபனியாய்ப் படர்கின்றது. இஃது ஆண்டுதோறும் வருவது, அனைவரும் அறிந்தது.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பேருந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கின்றது. தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க இரண்டு நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் 44 மீட்டர் கடந்துவிடும். அதன்பின் வண்டி நிற்க, உலர்ந்த சாலையிலும் ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத பனியில், 94 மீட்டரில் நிற்கும் வண்டியை ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஒப்பாகும். அதே பேருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் சுமார் 35 மீட்டரில் நின்றுவிடும். பனி இரண்டு வேளையிலும் ஒன்றே, வேகமே வேறு. எனவே ‘பனியால்’ என்பதைவிடப் ‘பனியோடு’ என்பதே பொருந்தும். பனி உடன் நிகழ்ந்தது, கொன்றது அதுவன்று.

வண்டியும் சாலையும்: கருவி

2023 நவம்பர் 11ஆம் நாள், தீபாவளிக்கு முந்தைய அதிகாலையில், வாணியம்பாடியை அடுத்த செட்டியப்பனூரில் பெங்களூரிலிருந்து சென்னை நோக்கி வந்த அரசு விரைவுப் பேருந்து நடுத்தடுப்பைக் கடந்து, எதிரே வந்த தனியார் ஆம்னி பேருந்தோடு மோதியது. குறைந்தது ஐவர் மாண்டனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 2025 டிசம்பர் 24 அன்று திட்டக்குடிக்கு அருகே அரசு விரைவுப் பேருந்தின் டயர் வெடித்து, அது மறுபுறம் பாய்ந்து இரு கார்கள்மீது மோதியதில் ஒன்பது பேர் இறந்தனர். தேய்ந்த டயர், மங்கிய விளக்கு, தளர்ந்த பிரேக் ஆகியன பணிமனையிலேயே கண்டு களையத்தக்க குறைகள் அல்லவா?

ஓடும் வண்டியைப் போலவே நிற்கும் வண்டியும் கொல்லும். 2023 செப்டம்பர் 11 அன்று நாட்றம்பள்ளி அருகே பழுதாகி நின்ற சுற்றுலா வேன்மீது பின்னால் வந்த சரக்கு வாகனம் மோதியது. வேனிலிருந்து இறங்கிச் சாலையிலே அமர்ந்திருந்த பெண்கள் எழுவர் உயிரிழந்தனர். அவர்கள் நம் ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்தவர். அது பனிக்காலமன்று என்பதை நினைவிற் கொள்க. பனிக்காலத்தில் இவ்வாபத்து பன்மடங்காகும்.

ஓட்டுநர்: இயற்றுதற் கருத்தா

2020 பிப்ரவரி 20ஆம் நாள் அதிகாலை, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின்மீது, அவிநாசி அருகே கண்டெய்னர் லாரியொன்று நடுத்தடுப்பைக் கடந்து மோதியது. பத்தொன்பது பேர் மாண்டனர். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணமெனச் செய்திகள் கூறின.

நள்ளிரவு இரண்டு மணி முதல் விடியும் வரை மனித உடல் உறக்கத்தை வேண்டி நிற்கும் வேளையாகும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரவு பதினொரு மணிக்குப் புறப்படும் பேருந்து, ஏறத்தாழ அந்நேரத்தில்தான் நம் வட்டாரத்தைக் கடக்கின்றது. இருபுறத்து உறக்கமும் வந்து சந்திக்கும் இடம் நம் ஊர் எனலாம். மூன்று நொடி கண் சொக்கினால், 80 கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து 67 மீட்டர் ஓட்டுநரின்றியே ஓடும். தேநீரும் பாட்டும் உறக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போடுமேயன்றி நீக்கா. உறக்கத்திற்கு மருந்து உறக்கமே.

நாம்: ஏவுதற் கருத்தா

இயற்றியவனைப் பிடித்து வழக்கிடுவதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. ஏவியவர் யார்? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்க்கென 1961ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலைக்கு வரம்பு கட்டியது. ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணி ஓய்வும் விதித்தது. இவ்வரம்பை மீறி ஓட்டச் சொல்லும் உரிமையாளர் ஏவுதற் கருத்தா ஆவார். ஓய்வுக்கு இடமளியாத கால அட்டவணையை வகுப்பவரும் அவ்வாறே.

நாமும் அவ்வரிசையில் நிற்கின்றோம். உம்ரா செல்வோரை வழியனுப்ப நள்ளிரவில் வேன் பிடித்துச் சென்னை விமான நிலையம் செல்கின்றோம்; வழியனுப்பிய கையோடு திரும்பு என்கின்றோம். நிக்காஹ் விருந்து முடிந்து இரவு பதினொரு மணிக்கு வண்டி ஏறுகின்றோம். அவ்வோட்டுநர் காலையில் தோல் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிச்சென்றவர். மாலையிலும் அவர்களை வீடு சேர்த்தவர். அவர் எப்போது உறங்கினார் என ஒருவரும் கேட்பதில்லை. "பஜ்ருக்குள் ஊர் சேர வேண்டும்" என்னும் ஒரு சொல்லே ஏவல் ஆகிவிடுகின்றது.

கற்க வேண்டிய பாடங்கள்

1. வாடகைக்கு வண்டி அமர்த்துவோர் கட்டணம் பேசுமுன் ஓட்டுநரின் உறக்கத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். இரவுப் பயணமெனில் இரண்டாம் ஓட்டுநருக்கும் கூலி கொடுக்க வேண்டும். இன்றேல் தங்கி விடிந்தபின் புறப்பட வேண்டும்.

2. மூடுபனியில் உயர்ஒளி விளக்கு பனியிலேயே பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். தாழ்ஒளியே ஏற்றது. கண் தெரியும் தொலைவுக்குள் நிற்கக்கூடிய வேகமே உரிய வேகம்.

3. பழுதான வண்டியைச் சாலையைவிட்டு இயன்ற அளவு ஒதுக்கி, விளக்குகளை எரியவிட்டு, பின்னே தொலைவில் எச்சரிக்கை முக்கோணம் வைக்க வேண்டும். பயணிகள் தடுப்புக் கம்பிக்கு அப்பால் செல்ல வேண்டும். சாலையில் அமர்தல் கூடாது.

4. பேருந்தில் ஏறியவுடன் அவசர வழி எங்குள்ளது எனப் பார்த்துக்கொள்க. நடைவழியில் மூட்டைகளை அடுக்க இடங்கொடேல். இருக்கைப் பட்டை இருப்பின் அணிக.

5. விபத்தைக் கண்டோர் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டா. உதவியோரைக் காக்கும் பிரிவு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்துள்ளது. விபத்துக்குள்ளானோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியது.

முடிவுரை

மரணம் இறைவன் விதித்ததென்பது நம் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் காட்டி அசட்டையை மறைத்தல் தகாது. ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவனைச் சார்ந்திருக்கவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு பகுதியாகவே அவர்கள் கூறினார்கள். உறங்காத ஓட்டுநரும் விளக்கில்லாது நிற்கும் லாரியும் நம் காலத்தில் வழியில் கிடக்கும் இடையூறுகளே.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை "பனியால் விபத்து" எனப் படிக்குங்கால், அத்தொடரில் மறைந்திருக்கும் கருத்தாவைத் தேடுங்கள். சமுதாயப் பெரியோர்களே! அடுத்த முறை வண்டிக்கு ஆள் அனுப்புங்கால், "நேற்றிரவு உறங்கினாயா, தம்பி?" என்று ஓட்டுநரை ஒரு சொல் கேளுங்கள். அக்கேள்வியால் காக்கப்படும் உயிர் நம் வீட்டுப் பிள்ளையின் உயிராகவும் இருக்கலாம்.