வலையும் வருகைப் பதிவேடும்

குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிப்பு என்னும் பொருளை இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். இப்பொருளைப் பேசத் தொடங்கியவுடன் தீப்பெட்டித் தொழிற்சாலையும் கம்பளத் தறியுமே பலர்க்கும் நினைவில் எழும். ஆயின் பெருந்தொழிற்சாலை ஏதுமில்லாத மீனவச் சிற்றூர்களை முன்வைத்து இதனைக் கற்பதே மிகுந்த பயன் தரும். ஆகவே, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிப் பரந்துள்ள பழவேற்காடு ஏரிக்கரைக்கு வாசகர்களை அழைக்கிறோம். நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்துப் பெரியது இதுவே.

1. உலகம் எழுந்த வரலாறு

1998ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவிலிருந்து ஓர் உலகப் பேரணி புறப்பட்டது. கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று நடத்திய அப்பேரணியில், தொழிலிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர் சிறுமியரும் நடந்தனர். ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களைக் கடந்து, அவ்வாண்டு ஜூன் மாதம் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டை அது அடைந்தது. மறு ஆண்டு, 1999 ஜூன் 17 அன்று, 182ஆம் உடன்படிக்கை நிறைவேறியது. அடிமைத்தனம், கடனுக்காகப் பிணைத்தல், உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும் அபாயத் தொழில் போன்றவற்றினின்று குழந்தைகளை உடனே விடுவிக்க வேண்டும் என்பது அதன் ஆணை. வேலைக்குரிய குறைந்த வயதை வரையறுக்கும் 1973ஆம் ஆண்டின் 138ஆம் உடன்படிக்கையையும் இதனையும் இந்தியா 2017 ஜூன் 13 அன்று ஏற்றது. 2020ஆம் ஆண்டில் அவ்வமைப்பின் உறுப்பு நாடுகள் அனைத்துமே 182ஆம் உடன்படிக்கையை ஏற்று முடித்தன.

விளைவு சிறிதன்று. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 24.6 கோடியாக மதிப்பிடப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தொகை, 2024ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் 13.8 கோடியாகக் குறைந்துள்ளது. எனினும், 2025ஆம் ஆண்டுக்குள் முற்றிலும் ஒழிப்போம் என்ற உலக நாடுகளின் இலக்கு எய்தப்படவில்லை. எஞ்சியோருள் 61 விழுக்காட்டினர் வேளாண் துறையினர். மீன்பிடித்தலும் இக்கணக்கில் அடங்கும். மேலும், குழந்தை உழைப்பில் 72 விழுக்காடு குடும்பத்தினுள்ளேயே நிகழ்கிறது என்று 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு கூறிற்று. பழவேற்காடு போன்ற ஊர்களை நாம் ஏன் கற்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டு எண்களே விடை.

2. சட்டம் நிற்கும் இடம்

1986ஆம் ஆண்டின் சட்டம், பட்டியலிட்ட சில தொழில்களில் மட்டும் குழந்தைகளை அமர்த்தலாகாது என்றது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் 14 வயது நிரம்பாதோரை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றம் என்றும், 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயத் தொழில்களில் அமர்த்தலாகாது என்றும் விரிவாக்கியது. ஆயின் ஒரு விலக்கும் அளித்தது. பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பெற்றோர்க்கு உதவலாம் என்பதே அது. ஆதலின் ஆய்வாளர் தொழிற்சாலைக்குள் எளிதில் நுழைவார். வீட்டு வாசற்படியில் தயங்கி நிற்பார். உதவி எங்கு முடிகிறது, உழைப்பு எங்குத் தொடங்குகிறது என்பதை அங்கு யார் காண்பது?

3. ஏரியின் வழக்கம்

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்னும் தொன்மையான முறை உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஊர்க்கட்டுப்பாடு அது. வயது வந்த ஆடவர்க்கே அதில் முறை உண்டு, சிறுவனுக்குப் பங்கில்லை. சிறுவனை உழைப்பாளியாகக் கணக்கில் கொள்ளாமை இங்குப் புதிய கருத்தன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பாட்டு முறைக்கு வெளியே நிற்பவர் இருளர் மக்கள். ஆழமற்ற நீரில் இறங்கி, கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்து, பனையோலைப் பறியில் இடுவது அவர்தம் தொழில். தாயும் தந்தையும் நீரில் இறங்கினால் பிள்ளையும் உடன் இறங்க நேரிடும். இறால் தோலுரித்தல் போன்ற வேலைகளில் கூலி ஆளுக்கன்று, அளவுக்கே. அளவுக்குக் கூலி என்றால் வீட்டிலுள்ள ஒவ்வொரு சிறு கையும் வரவாகிவிடும். பெற்றோரின் அன்பின்மை இதற்குக் காரணமன்று. கூலியின் அமைப்பே காரணம்.

4. கடன் என்னும் வேர்

பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டு டச்சு வணிகர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அந்நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், பசியால் விற்கப்பட்ட மனிதர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பத்தாவியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அக்கப்பல்கள் சென்ற துறைகளுள் பழவேற்காடும் ஒன்று.

அக்காலம் மறைந்தது. ஆனால் முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு உழைப்பை அடகு வைக்கும் வழக்கம் எளிதில் மறையவில்லை. 1976ஆம் ஆண்டிலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் அதன் பின்னரும் பலமுறை மீட்கப்பட்டுள்ளன. முன்பணத்தைப் பெற்றவர் தந்தை; அதனை அடைக்க உழைப்பவருள் குழந்தையும் ஒருவர். தாம் கேளாத கடனைத் தம் பள்ளிப் பருவத்தால் அடைக்கும் நிலை இது.

கொல்லாமை என்னும் முதல் அணுவிரதத்திற்கு ஆன்றோர் ஐந்து அதிசாரங்கள் கூறினர். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிப் பாரமேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. முன்பணத்தால் பிணைப்பது கட்டுதல் அன்றோ? பத்து வயதுத் தோளில் குடும்பத்தின் கடனை வைப்பது பாரமேற்றுதல் அன்றோ?

5. ஆசிரியர் செய்யத்தக்கது

தந்தையிடம் வலை பின்னவும் நீரோட்டம் அறியவும் கற்கும் மீனவச் சிறுவன் அரிய கல்வி ஒன்றைப் பெறுகிறான். அதனைக் குற்றமாக எண்ணலாகாது. உதவியையும் உழைப்பையும் பிரித்தறிய மூன்று வினாக்கள் போதும். அவ்வேலை பள்ளி நேரத்தை எடுத்துக்கொள்கிறதா? குழந்தையின் உறக்கத்தையும் உடலையும் கெடுக்கிறதா? ‘இன்று வேண்டாம்’ என்று குழந்தை சொன்னால் குடும்பம் கடனாளியிடம் பதில் சொல்ல நேரிடுமா? மூன்றில் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்பது விடையாயின், அது உதவியன்று.

இவ்வினாக்களுக்குச் சான்று ஆசிரியரின் மேசையிலேயே உள்ளது. பல்லாண்டு வகுப்பறையில் நின்று நாம் கற்றது இதுவே: வருகைப் பதிவேட்டை மாத இறுதியில் கூட்டி வைப்பதோடு நின்றுவிடலாகாது, அதனைப் படிக்க வேண்டும். திங்கள்தோறும் ஒரே கிழமையில் வராத பிள்ளை, மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து இறால் மிகும் வாரங்களில் மட்டும் வராத பிள்ளை, உடன்பிறந்தோடு சேர்ந்தே மறையும் பிள்ளை ஆகிய ஒவ்வொருவரின் வெற்றிடமும் ஒரு செய்தி. தொடர்ந்து மூன்று நாள் வராவிடின் வீடு தேடிச் செல்லுதல் ஆசிரியர் கடமை. சென்ற இடத்தில் கண்டித்தலாகாது, கேட்டறிதலே வேண்டும்.

துணைகளும் உள. 1982 முதல் விரிந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டமும் விடியுமுன் தொழிலுக்குச் செல்லும் தாயின் கவலையைக் குறைக்கின்றன. இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வழி செய்கிறது. பிணைப்பு உண்டென ஐயுற்றால் 1098 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம். மாவட்ட ஆட்சியரிடமும் முறையிடலாம்.

சிந்தனைக்கு

1. நம் ஊரில் அளவுக்குக் கூலி தரும் தொழில்கள் எவை? அவற்றில் குழந்தைகளின் கை சேர்கிறதா?
2. நாம் தொழில் நடத்துவோராயின், முன்பணம் பெற்றவர் விரும்பும்போது விலகிச் செல்ல இயலுமா?
3. நம் பள்ளியில் சென்ற ஆண்டு பெயர் நீக்கப்பட்ட பிள்ளைகள் இன்று எங்குள்ளனர்?

மூன்றாம் வினாவுக்கு விடை தேடுவதையே இப்பாடத்தின் செய்முறைப் பயிற்சியாக ஏற்குமாறு இளம் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு பிள்ளையேனும் மீண்டும் பதிவேட்டில் இடம்பெறுமாயின் இப்பாடம் பயனுற்றதாகக் கொள்வோம்.