காவல் சாமிகளின் உறவுக்காரர்: நித்தியேந்திரன் கலை பற்றிய நான்கு தவறான நம்பிக்கைகள்

ரமேஷ் மரியோ நித்தியேந்திரன் 1988-இல் கொழும்பில் பிறந்தவர். போர்க்காலத்தில், குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். களிமண், வெண்கலம், நியான் விளக்கு, மனித முடி எல்லாம் அவர் கையில் சிலையாகின்றன. பல தலைகளோடும் இளித்த பற்களோடும் அம்மணமாக நிற்கும் அந்தக் குயர் உருவங்கள் ஆண், பெண் என்ற வரம்புக்குள் அடங்குவதில்லை. அவற்றைப் பார்த்ததும் நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் இவைதான்.

நம்பிக்கை 1: இது சாமியைக் கேலி செய்வது.

உண்மை: அவர் வெளிப்படையான நாத்திகர். ஆனாலும் இந்து, கிறிஸ்தவம் இரண்டும் கலந்த தன் பின்னணியிலிருந்தே உருவங்களை எடுக்கிறார். மலேசியாவில் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களில் எல்லை காக்கும் முனியாண்டியைப் பாருங்கள். பிதுங்கிய கண், கோரைப்பல், ஓங்கிய அரிவாள், காலடியில் சுருட்டு. அந்தக் கோலத்தைக் கும்பிடும் நாம் இந்தச் சிலைகளைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை 2: வேலை தெரியாதவர் செய்த கரடுமுரடு.

உண்மை: சிட்னியில் ஓவியத்தை முறையாகப் படித்தவர். சுடுமண் யாரையும் ஏமாற்ற விடாது. உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் வெடித்துவிடும். விரல் தடங்களும் வழிந்தோடும் வண்ண மெருகும் வேண்டுமென்றே விட்டவை. 2015-இல் சிட்னி மையர் நிதியத்தின் ஆஸ்திரேலிய மண்கலை விருது அவருக்குக் கிடைத்தது.

நம்பிக்கை 3: ஒரே உடலில் ஆணும் பெண்ணும் என்பது வெள்ளைக்காரன் சரக்கு.

உண்மை: திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் வெண்கலம்; இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தண்டனைச் சட்டம். ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கி 1860-இல் இயற்றிய அதன் 377-ஆவது பிரிவின் பிடியை இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் தளர்த்தியது. மலேசியாவில் அந்தப் பிரிவின் வழிவந்தவை இன்னும் நடப்பில் உள்ளன.

நம்பிக்கை 4: பெரிய இடங்கள் இதையெல்லாம் சீண்டாது.

உண்மை: 2016-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அவருக்கு இடம் கொடுத்தது. 2020-இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ‘அவதார் டவர்ஸ்’ என்ற பெயரில் 70 சிலைகள் திரண்டு நின்றன. 2023-இல் கிளாஸ்கோவின் டிராம்வே அரங்கம் அழைத்தது.

பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. நின்று பார்க்காமலே ‘இது நம்முடையது இல்லை’ என்று தள்ளுவதுதான் தவறு. ஆண், பெண் என்ற சட்டகத்துக்குள் அடங்காத பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் வளர்கிறார்கள். அவர்கள் மண்ணையோ தூரிகையையோ கையில் எடுத்தால், தடுக்காதீர்கள். நித்தியேந்திரன் என்ற தமிழ்ப் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள்.