உபரிச் சம்பாத்தியம்: பணம் யார் கையிலிருந்து வருகிறது?

 

சில வாரங்களுக்கு முன், இங்கே அலங்காநல்லூரில் ஜுமுஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். கரும்பு வெட்டியே காலத்தைக் கழித்தவர். இவ்வூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரைவை நின்ற பிறகு அவருடைய வேலையும் பாதியாகிவிட்டது. கலியாணத்துக்கு இரண்டு பெண்மக்கள் இருக்கிறார்கள்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. ஒரு லட்சம் கட்டுனா மாசம் பத்தாயிரம் தர்றாங்களாம். அசல் அப்படியே கிடக்குமாம். போன்ல தினம் பத்து நிமிசம் விளம்பரம் பாத்தாப் போதும்னு பையன் சொல்றான். வீட்டுல இருக்குற நகையை வித்துக் கட்டலாமான்னு பாக்குறேன். இது யாவாரமா, வட்டியா?"

கேட்டது ஒருவர்தான். ஆனால் இந்தக் கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் எழுந்துகொண்டிருக்கிறது. வருமானம் போதவில்லை. உபரியாக நாலு காசு தேடுவது பேராசையல்ல, கடமையின் ஒரு பகுதிதான். ஆகவே அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

தொழில் விநோதமாக இருப்பது குற்றமல்ல

அன்ஸாரித் தோழர் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த வரலாறு அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய ஹதீஸ் நூல்களில் இடம்பெறுகிறது. வீட்டில் என்ன இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் துணி ஒன்றும், தண்ணீர் குடிக்கும் பாத்திரம் ஒன்றும் மட்டுமே இருந்தன. அவற்றை வரவழைத்து ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு. மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரி வாங்கி வரச் சொல்லி, தங்கள் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு மாட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும் பதினைந்து நாட்களுக்குத் தம்மிடம் வரவேண்டாம் என்றும் பணித்தார்கள். அவர் திரும்பி வந்தபோது கையில் பத்து திர்ஹம் இருந்தது.

இருந்த சொற்ப முதல் ஒரு கருவியாக மாறியது. அந்தக் கருவி உழைப்பைத் தந்தது. உழைப்பின் பலனை விலை கொடுத்து வாங்கக் கடைத்தெருவில் ஆள் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தப் பத்து திர்ஹம்.

தொழில் வழக்கத்துக்கு மாறாக இருப்பதை மார்க்கம் குறையாகக் கருதவில்லை. பயனற்ற புழுபூச்சிகளை விற்பது செல்லாது என்று கூறும் ஷாஃபி மத்ஹபின் சட்ட நூல்கள், தேனீ, பட்டுப்புழு, அட்டை ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கின்றன. தேனீ தேன் தருகிறது. பட்டுப்புழு பட்டு தருகிறது. அட்டை கெட்ட இரத்தத்தை உறிஞ்சச் சிகிச்சைக்குப் பயன்படுகிறது. மருந்து முதலிய பயன் இருக்குமானால் பாம்பை விற்பதும் ஆகும் என்பது ஹனஃபி நூல்களில் காணப்படும் சட்டம். பொருளின் தோற்றத்தை விட, மனிதருக்கு அதில் ஆகுமான பயன் உண்டா என்பதையே இமாம்கள் கவனித்திருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வந்தார்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வியாபாரத்துக்கு வழியில்லாமல் போயிற்று. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷத்தை விற்றுப் பிழைப்பதா என்று கேட்பவர் திகைக்கலாம். ஆனால் அந்த விஷத்தை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும். பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் வாங்குகின்றன. அந்த மருந்தால் உயிர் பிழைக்கும் உழவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

ஈமு கோழி கற்பித்த பாடம்

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் நம் மாநிலத்தில் நடந்தது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை என்ற நிறுவனம் இயங்கிவந்தது. ஈமு என்பது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பறக்காத பெரிய பறவை. தீக்கோழியைப் போன்று அதன் இறைச்சியும் ஹலாலானதே. ஆகவே பறவையில் மார்க்கப் பிரச்சினை ஏதும் இல்லை. ஒப்பந்தத்தில்தான் இருந்தது.

ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு ஈமு குஞ்சுகள் தரப்படும். கொட்டகையும் தீவனமும் நிறுவனத்தின் பொறுப்பு. வளர்ப்பவருக்கு மாதம் 6,000 ரூபாய், ஆண்டு போனஸ் 20,000 ரூபாய். ஒப்பந்தம் முடிந்ததும் கட்டிய பணம் திரும்ப வரும். கூட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு 92,000 ரூபாய், அதாவது போட்ட முதலில் நூற்றுக்கு அறுபத்தொன்று! இன்னொரு திட்டமும் இருந்தது. அதில் பறவையை நிறுவனமே வைத்துக்கொள்ளும். பணம் கட்டியவர் பறவையைக் கண்ணால் காணவேண்டியதுகூட இல்லை, மாதப் பணம் மட்டும் வீடு தேடி வரும்.

திரை நட்சத்திரங்கள் விளம்பரத்தில் தோன்றினார்கள். நிலத்தையும் நகையையும் பணமாக்கிப் பலர் கட்டினார்கள். 2012 ஆகஸ்டில் நிறுவனம் மூடப்பட்டது. தீவனமின்றிப் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை தீவனம் போடவேண்டியதாயிற்று. நடத்தியவர் கைதானார். முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி வழக்கு நடந்து, கோவையிலுள்ள தனி நீதிமன்றம் பின்னர் சிறைத் தண்டனை விதித்தது.

ஏன் விழுந்தது? ஈமு இறைச்சியையும் எண்ணெயையும் அந்த அளவுக்கு வாங்க நம் நாட்டில் சந்தையே இல்லை. அப்படியானால் மாதாமாதம் வந்த ஆறாயிரம் எங்கிருந்து வந்தது? பின்னால் வந்து கட்டியவரின் ஒன்றரை லட்சத்திலிருந்து வந்தது. புதியவர்கள் வரும்வரை பழையவர்களுக்குப் பணம் கிடைத்தது. அவர்கள் வருவது குறைந்ததும் கிணறு வற்றிவிட்டது.

பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழி வளர்ப்பதிலும் நிறுவனம்தானே குஞ்சும் தீவனமும் தருகிறது, அதுவும் இதுவும் ஒன்றல்லவா என்று சிலர் கேட்கலாம். ஒன்றல்ல. அங்கே விவசாயி கொட்டகையும் உழைப்பும் தருகிறார். கோழி வளர்ந்ததும் எடைபோட்டு வளர்ப்புக் கூலி பெறுகிறார். அந்தக் கோழியை அன்றாடம் கடையில் மக்கள் வாங்கிச் சமைக்கிறார்கள், கூலிப்பணம் அதிலிருந்து வருகிறது. கூலி முன்கூட்டியே தெளிவாகப் பேசப்பட்டிருந்தால் அது அடிப்படையில் ஆகுமான கூலித் தொழிலே. ஈமுவிலோ, கூலி என்ற பெயர் மட்டும் இருந்தது. உண்மையில் நடந்தது, பணத்தைக் கொடுத்து அசலும் மேற்பணமும் வாங்கியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அல்பகரா அத்தியாயத்தின் 275-வது வசனம் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். இரண்டிலும் லாபம் வருகிறது. வேற்றுமை என்ன? வியாபாரி நஷ்டத்துக்கும் தோள் கொடுக்கிறான், வட்டி வாங்குபவன் கொடுப்பதில்லை.

தன் பொறுப்பில் வராத பொருளிலிருந்து லாபம் எடுப்பதையும், கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்கும் ‘முளாரபா’ என்னும் கூட்டு வியாபாரம் மார்க்கத்தில் உண்டு. அதில் லாபத்தைப் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதத்தால் பேசலாம். மாதம் இத்தனை ரூபாய் நிச்சயம், அசலும் பத்திரம் என்று பேசினால் அந்த ஒப்பந்தம் கெட்டுவிடும் என்பதில் ஹனஃபியும் ஷாஃபியும் ஒத்துப்போகின்றன. அப்படிப் பேசிய உடனே அது கடனாகிவிடுகிறது, மேலே வருவது வட்டியாகிவிடுகிறது. நடுவில் கோழி நின்றாலும், ஆடு நின்றாலும், கைப்பேசியில் விளம்பரம் ஓடினாலும் இந்தச் சட்டம் மாறாது.

ஆகவே எந்தப் புதுவிதச் சம்பாத்தியம் வாசலுக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: எனக்கு வரும் பணம் யார் கையிலிருந்து வருகிறது? பொருளையோ உழைப்பையோ விரும்பி வாங்குபவர் கையிலிருந்தா, எனக்குப் பின்னால் சேரப்போகிறவர் கையிலிருந்தா?

இரண்டு: நஷ்டம் வந்தால் யாருக்கு? யாருக்குமே நஷ்டம் வராது என்று சொல்லப்பட்டால், அங்கே வட்டியோ ஏமாற்றோ இருக்கிறது என்று கொள்க.

மூன்று: நான் கொடுப்பது என்ன? உழைப்பா, பொருளா, அல்லது என் பெயரும் என் மீது பிறர் வைத்துள்ள நம்பிக்கையும் மட்டுமா?

கைப்பேசி வழியே வருபவை

பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம் இன்று கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. அது அதிர்ஷ்டமா திறமையா என்று நீதிமன்றங்களில் நெடுநாள் வாதம் நடந்தது. நமக்கு அந்த வாதம் தேவையில்லை. ஆடுவோர் பணம் வைத்து, ஒருவர் இழந்தால்தான் மற்றவர் பெறுவார் என்றிருந்தால் அது ‘கிமார்’ என்னும் சூதாட்டமே. அல்மாயிதா 90-வது வசனம் அதை மதுவோடு சேர்த்து விலக்கியிருக்கிறது. வாடிவாசலில் எந்தக் காளை பிடிபடும் என்று இருவர் பணம் கட்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-ல் நிறுத்தப்பட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் தடுப்பதற்கு முன்பும் நமக்கு அது ஹராமாகவே இருந்தது என்பதை மறக்கலாகாது.

இளைஞர்களிடையே பரவும் இன்னொரு தீமையையும் சொல்லவேண்டும். வங்கிக் கணக்கையும் அட்டையையும் யாரோ ஒருவரிடம் கொடுத்தால் கமிஷன் தருகிறார்களாம். கணக்கில் வந்து போவது பெரும்பாலும் எங்கோ ஏமாந்த ஓர் ஏழையின் பணம். போலீஸ் தேடி வருவது கணக்கின் பெயரில் இருப்பவரைத்தான். உலகில் சிறை, மறுமையில் பிறர் பொருளுக்கான கேள்வி, இரண்டும் சில ஆயிரங்களுக்காக வந்து சேருகின்றன.

ஆலிம்களுக்கும் ஒரு வார்த்தை

மூன்றாவது கேள்வியை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் இமாமாக இருந்தபோது, ஒரு நிதி நிறுவனத்தின் திறப்பு விழாவுக்கு துஆ ஓத அழைத்தார்கள். போனேன், ஓதினேன். உறையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது. இமாமின் சம்பளம் எவ்வளவு என்பது வாசகர்களுக்குத் தெரியும், ஐந்நூறு எனக்குப் பெரிய உபரி. என்ன தொழில் செய்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

எட்டு மாதத்தில் அந்தக் கதவு பூட்டப்பட்டது. ஓர் அம்மா பள்ளிவாசல் திண்ணை ஓரமாக வந்து நின்றார். "நீங்க வந்து துஆ ஓதுனதைப் பாத்துத்தான் ஹஜ்ரத், நம்பிப் போட்டோம்" என்றார். திட்டவில்லை, அழவில்லை. அறுபதாயிரம் ரூபாய். அந்த ஐந்நூறை அவரிடமே கொடுத்துவிட்டேன். மீதியை நான் எங்கிருந்து கொடுப்பேன்?

துஆவுக்கு அழைத்தால் போவது நல்ல காரியமே. ஆனால் பணம் திரட்டும் இடத்துக்கு அழைத்தால், அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் போவோம். பள்ளிவாசல் நிர்வாகிகளும் அப்படியே. நம் தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துக் கட்டப்படும் பணத்துக்கு நாமும் பொறுப்பாளிகளே.

முடிவாக

அந்தப் பெரியவரிடம் முதல் கேள்வியை மட்டும் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஜுமுஆவில் வந்தார். "கேட்டேன் ஹஜ்ரத். ‘கம்பெனி தரும் மாமா, உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்’னு சொல்றாங்க. யாரு வாங்குறான்னு சொல்லத் தெரியல. நகை வீட்டுலயே இருக்கு."

இப்போது அவர் மனைவி வீட்டில் பருத்திப்பால் காய்ச்சிக் கொடுக்க, அவர் மாலை நேரத்தில் கடைத்தெருவில் விற்கிறார். ஒரு சட்டி, சில தம்ளர்கள், இதுதான் முதல். மாதம் பத்தாயிரம் நிச்சயமில்லை. மழை பெய்தால் பாதி மிஞ்சும், அந்த நஷ்டம் அவருடையது. அதனாலேயே லாபமும் அவருக்கு ஆகுமாகிறது. பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று கேட்டால், குடித்துவிட்டு எதிரே நின்று காசு எடுத்துத் தருபவரைக் காட்ட அவரால் முடியும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும், அதில் பரக்கத்தையும், பிறர் பொருளைத் தொடாத கைகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.