முகவரி தராத அறை

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், அங்கு பயிலும் அயல்நாட்டு மாணவரின் செலவில் முதலிடம் பிடிப்பது வாடகையே. விசாவுக்காக முடக்கக் கணக்கில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்புள்ள வங்கிக் கணக்கில், காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதத்துக்கு 992. இதற்குள் காலந்தள்ள வேண்டியவர் மலிவான அறையைத் தேடுவது இயல்பு. ஆயினும், அங்கு சில ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் முதலில் கேட்கச் சொல்வது வாடகையை அன்று, அன்மெல்டுங் கிடைக்குமா என்பதையே.

அன்மெல்டுங் என்பது குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல். வீடு கொடுத்தவர் கையொப்பமிட்ட சான்று இதற்கு 2015 நவம்பர் முதல் கட்டாயம். பகுதிநேர வேலைக்கு வேண்டிய வரி எண்ணும் குடியிருப்பு அனுமதியும் இப்பதிவைத் தொடர்ந்தே வருவதால், சான்று தர மறுப்பவரின் அறை, நூறு யூரோ குறைவாயினும், மாணவரை மூன்றே மாதத்தில் மீண்டும் வீடு தேட வைத்துவிடும்.

அடுத்து வாடகையின் இரு வடிவங்கள். கால்ட்மீட்டெ, சொல்லளவில் 'குளிர் வாடகை', இடத்துக்கு மட்டுமானது. வார்ம்மீட்டெ, அதாவது 'வெப்ப வாடகை', சூடேற்றல், தண்ணீர், குப்பை அகற்றல் ஆகியவற்றையும் சேர்த்தது. பின்னதிலும் மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அடங்குவதில்லை. போதாக்குறைக்கு, வானொலி கேட்காதவரும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்ட வேண்டும். வேகே எனப்படும் பகிர்வு வீட்டில் ஒருவர் கட்டினால் போதும் என்பதைப் புதிதாக வருவோர் பலர் அறிவதில்லை.

கௌட்ஸியோன் என்ற முன்பணம், நம்மூர் 'அட்வான்ஸ்' போன்றது, மூன்று மாதக் குளிர் வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும், அதை மூன்று தவணைகளில் செலுத்தலாம் என்பதும் சட்டம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணம் வந்ததும் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் கடிதம் வருமாயின், அங்கே வீடே இல்லை என்று கொள்வதே அறிவுடைமை.

மாணவர் நல அமைப்பான ஸ்டூடீரெண்டென்வெர்க் நடத்தும் விடுதிகளே பொதுவாக மலிவானவை. பெரும்பாலும் மின்சாரம் உட்பட எல்லாம் ஒரே தொகையில் அடங்கும், பதிவுச் சான்றும் தடையின்றிக் கிடைக்கும். ஆனால் மியூனிக் போன்ற நகரங்களில் காத்திருப்பு பல மாதங்களைத் தாண்டும் என்பதால், விண்ணப்பத்தை விசா வரும்வரை ஒத்திப்போடுவது பெரும் பிழை. கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் இந்நெருக்கடி குறைவு. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வாடகையையும் எண்ணிப் பார்த்தவர்கள் இதனால் பயனடைந்திருக்கின்றனர்.

விடுதி கிடைக்கும்வரை கைகொடுப்பது ட்ஸ்விஷென்மீட்டெ, அதாவது ஒரு பருவம் வெளிநாடு செல்லும் மாணவர் தம் அறையை இடைக்காலத்துக்கு உள்வாடகைக்கு விடுவது. குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குவதால், இத்தகைய அறைகளை ஆகஸ்டிலேயே தேடத் தொடங்குவது நல்லது. வீட்டு உரிமையாளரின் இசைவுடன் அறையை விடும் மாணவரே பதிவுச் சான்றில் கையொப்பமிடலாம். அவர் விமானம் ஏறுவதற்கு முன் அதை வாங்கிவிட வேண்டும்.