பெரிய கோப்பும் பனையோலைக் கட்டும்



பனையோலைச் சுவடியைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் ஓலையில் சில வரிகளே எழுத முடியும், நூலோ பெரியது. ஆகவே பல ஓலைகளில் எழுதி, ஓலைக்கு ஓலை எண்ணிட்டு, துளையில் கயிறு கோத்துக் கட்டினார்கள். உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பிப்பதற்காகத் திருநெல்வேலியிலும், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியிலும் இத்தகைய ஏடுகளைத் தேடினார். கயிறு அறுந்து ஓலைகள் கலைந்தாலும், எண் இருந்தால் மீண்டும் அடுக்கிவிடலாம். ஓர் ஓலை தொலைந்தால், எது தொலைந்தது என்பதையும் எண்ணே காட்டிவிடும்.

கணிப்பொறியிலும் இதே முறை கையாளப்படுகிறது.

ஆவணத்தின் எல்லை

மோங்கோ டிபி என்பது ஓர் ஆவணத் தரவுத்தளம். பெயர், ஊர், ஆண்டு போன்ற விவரங்கள் எழுதிய ஒரு சீட்டைப் போன்றதே அதன் ஓர் ‘ஆவணம்’. ஓர் ஆவணம் 16 மெகாபைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரு சுவடியை ஒருவர் வாசிக்கும் ஒலிப்பதிவு 40 மெகாபைட் இருந்தால் என்ன செய்வது? அதற்காக அமைந்ததே ‘கிரிட் எஃப்எஸ்’ என்னும் முறை.

சேமிப்பது எப்படி?

நிரலில் நாம் எழுதுவது ‘இக்கோப்பை ஏற்று’ என்னும் ஒரே கட்டளைதான். உள்ளே நடப்பவை மூன்று:

1. கோப்புக்கு ஓர் அடையாள எண் தரப்படுகிறது.
2. கோப்பு 255 கிலோபைட் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் கோப்பின் அடையாள எண்ணோடும், 0, 1, 2 என்ற வரிசை எண்ணோடும் தனி ஆவணமாகிறது.
3. இறுதியில் பெயர், மொத்த அளவு, துண்டின் அளவு, தேதி ஆகியவை கொண்ட தலைப்புச் சீட்டு எழுதப்படுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போமா? 40 மெகாபைட் என்பது 40 × 1024 = 40,960 கிலோபைட். 160 முழுத் துண்டுகள் 40,800 கிலோபைட் ஆகும். எஞ்சிய 160 கிலோபைட் கடைசித் துண்டு. ஆக மொத்தம் 161 துண்டுகள்.

மீட்பது எப்படி?

நிரல் முதலில் தலைப்புச் சீட்டைப் படிக்கும். பிறகு துண்டுகளை வரிசையாக எடுத்து இணைக்கும். பதிவின் நடுவிலிருந்து கேட்க வேண்டுமா? 20,480-ஐ 255-ஆல் வகுத்தால் ஈவு 80. ஆகவே 80 என்ற எண்ணுள்ள துண்டிலிருந்து தொடங்கினால் போதும். முன்னுள்ள 80 துண்டுகளைத் தொட வேண்டியதில்லை. பெரும் பயன் இதுவே.

கவனம் தேவை

ஏற்றும்போது பாதியில் மின்சாரம் போனால், தலைப்புச் சீட்டு இல்லாத துண்டுகள் அநாதையாகத் தங்கிவிடும். அவற்றைத் தேடி நீக்குவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. சேமித்த கோப்பில் ஒரு துண்டு காணாமற்போனால், படிக்கும் நிரல் அந்த எண்ணில் வந்து பிழை காட்டி நின்றுவிடும். கோப்பு 16 மெகாபைட்டுக்குள் அடங்கினால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். ஒரே ஆவணத்தில் வைத்துவிடலாம்.

நீங்களே செய்து பாருங்கள்: 100 மெகாபைட் கோப்புக்கு எத்தனை துண்டுகள்? கடைசித் துண்டின் வரிசை எண் என்ன? அதன் அளவு என்ன?

(விடை: 402 துண்டுகள், 401, 145 கிலோபைட்.)