மருந்தும் உண்டியும்

திருக்குறளில் உண்ணும் முறை 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. எம்மருந்தின் பெயரும் ஆங்கில்லை. முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்க என்பதே வள்ளுவர் வற்புறுத்துவது. இதனைப் பாடமாகப் பயின்ற யானோ, வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் மாலைதோறும் பசியின்றியே வடை தின்று, இரவிலும் வயிறார உண்டு, உடல் பருத்து உள்ளஞ் சோர்ந்திருந்தேன். பட்டினி கிடந்தும் பார்த்தேன். மூன்றாம் நாளே அது முறிந்தது.

பின்னர் ஒன்றையே மாற்றினேன்: பசித்தாலன்றி மாலையில் உண்ணாது, குளத்தைச் சுற்றி நடக்கலானேன். எடை மெல்லவே குறைகின்றது; உள்ளமோ முன்னரே தெளிந்தது. உணவிற்கும் உள்ளத்திற்கும் தொடர்புண்டோ எனின், காய்கனி, பருப்பு, மீன் முதலியன மிக்க உணவு உளச்சோர்வைத் தணித்ததாக 2017இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியொன்று கூறிற்று. ஆயினும் ஆராயப்பட்டோர் 67 பேரே.

வடை சுடும் பாட்டி மட்டும், "உடம்புக்குச் சுகமில்லையா, தம்பி?" என்று நாளும் வினவுகின்றார்.